அவன் மிஷினில் மட்டும் அமுங்கிய பட்டன்

ஆபீசில் அவனுக்குப் பெயர் இன்ஸ்பெக்டர். போலீசுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எதிரே ஒரு கான்ஸ்டபிள் வந்தால் ஸ்கூட்டரை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ஆசாமி. எதைக் கேட்டாலும் "இன்ஸ்பெக்ட் பண்ணிப் பார்த்துட்டேன்க்கா, ஒண்ணும் இல்ல" என்பான். அந்த வாய்க்குக் கிடைத்த பெயர் அது. அதில் அவனுக்குப் பெருமை வேறு. கேலியைப் பட்டமாக வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்கிற மனுஷனை என்ன செய்வது?

எனக்கு அவனுக்கு அடுத்த மேஜை. அவன் கட்டுகிற வலைப்பக்கங்களை அமுக்கிப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே ஒழுகல் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. டெஸ்டர். ஊரில் உள்ளவன் திட்டுவதற்கு முன்னால் நான் திட்டிவிட வேண்டும், அதற்குத்தான் சம்பளம். என் சுபாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அமையாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டு உடனே அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

எங்கள் ஆபீஸ் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே லாரி வந்து பெட்டி இறக்கினால் மேலே எங்கள் மானிட்டர்கள் ஆடும். ஏசி சொட்டுகிற இடத்தில் ஒரு பக்கெட், பக்கெட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் செடி, செடிக்குப் பின்னால் முதலாளியின் கண்ணாடி அறை. பக்கெட் நிரம்பினால் யார் கொட்டுவது என்பதில்தான் இந்த ஆபீசின் உண்மையான அதிகார வரிசை தெரியும். இன்ஸ்பெக்டர் ஒருநாளும் கொட்டியதில்லை. அவன் சீனியர் டெவலப்பராம்.

அவனுடைய சாமர்த்தியம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே சொல்வது புரியாது. எந்த வலைப்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டும் கீபோர்டில் எஃப் பன்னிரண்டு என்ற பட்டனைத் தட்டினால், திரையின் வலது ஓரத்தில் ஒரு பேனல் திறக்கும். பக்கத்தின் குடல், ஈரல் எல்லாம் அதில் தெரியும். எந்த எழுத்துக்கு என்ன நிறம், எந்தப் பெட்டிக்கு எவ்வளவு அகலம், எங்கே பிழை என்று எல்லாவற்றையும் பார்க்கலாம். அங்கேயே மாற்றியும் பார்க்கலாம். சிவப்பு என்பதைப் பச்சை என்று மாற்றினால் உடனே பச்சையாகும். ஆனால் அது உங்கள் திரையில் மட்டும்தான். வேறு யாருக்கும் தெரியாது. ரிஃப்ரெஷ் செய்தால் உங்களுக்கும் போய்விடும். ஜுரம் வந்தவனுக்கு தெர்மாமீட்டர் எப்படியோ, பக்கம் கட்டுகிறவனுக்கு அது அப்படி. இவன் அந்த தெர்மாமீட்டரையே மருந்தாக விற்றுப் பிழைத்தவன்.

வாடிக்கையாளர் ஒருவர் ஃபோன் செய்து, "தலைப்பு சின்னதா இருக்கு, பெருசாக்குங்க" என்பார். இவன் பேனலைத் திறந்து எண்ணை மாற்றி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "ஆயிடுச்சு சார்" என்று அனுப்பிவிடுவான். மூச்சு விடுகிற நேரம்தான் ஆகும். முதலாளி பூரித்துப் போவார். அந்தப் பக்கம் அந்த மனுஷர் திறந்து பார்த்தால் தலைப்பு பழையபடி இத்தனூண்டு. மறுபடி ஃபோன் வரும். "உங்க பிரவுசர்ல பழசு தங்கியிருக்கு சார். கேஷ் எல்லாம் க்ளியர் பண்ணிட்டு, கம்ப்யூட்டரை அணைச்சுப் போடுங்க" என்பான் இவன், மன்னிக்கிற தொனியில். பாவம், அவர் அணைத்துப் போடுவதற்குள் இவன் உண்மையிலேயே மாற்றியிருப்பான். "ஆமாங்க, இப்ப வருது. எனக்கு இதெல்லாம் தெரியாது பாருங்க" என்று அவர் வெட்கப்படுவார். தப்பு செய்தவன் இவன், வெட்கம் அவருக்கு. இந்த ஏற்பாடு பல வருஷம் தங்குதடையில்லாமல் நடந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் வருங்கால மனைவியிடமும் இதே வேலையைக் காட்டியிருக்கிறான். பெரிய செய்தித்தளம் ஒன்றின் முகப்பைத் திறந்து, தலைப்புச் செய்தியை அழித்துவிட்டு அவள் பெயரைப் போட்டு, "நகரின் சிறந்த செவிலியர்" என்று எழுதிப் படம் அனுப்பினானாம். அவள் வார்டு முழுக்கக் காட்டிச் சிரித்திருக்கிறாள். இதை என்னிடம் சொன்னதே அவன்தான், ஏதோ கோட்டையைப் பிடித்த மாதிரி. அந்தப் பெண் விழுந்த இடம் அதுதான் என்று நான் மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

அவள் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். நல்ல பெண். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே தூரத்து ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் போய்ச் சேர முடியும். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளும் அவளோடுதான் இருந்தாள். நைட் டூட்டி வந்தால் குழந்தையைப் பக்கத்து குவார்ட்டர்ஸ் நர்ஸ் வீட்டில் படுக்கப் போட்டுவிட்டு, காலையில் வந்து தூக்கத்தோடு தூக்கமாக அள்ளிக்கொண்டு போவாள். வருஷத்துக்கு ஒரு தரம் இடமாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். முந்தைய வருஷங்களில் காகிதத்தில் போட்டாள், கிடைக்கவில்லை. இந்த வருஷம் நம் ஊர் ஆஸ்பத்திரியிலேயே இடம் காலி, அவளுக்கு சீனியாரிட்டியும் வந்துவிட்டது. போட்டால் கிடைக்கும் என்று சங்கத்துக்காரர்களே சொல்லிவிட்டார்கள். விட்டால் அடுத்த வருஷம்தான், அதற்குள் அந்தக் காலி இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

இன்ஸ்பெக்டர் இங்கே ஒண்டிக்கட்டை. வீட்டில் துணி மலையாகக் குவிந்திருக்கும், சாப்பாடு பார்சல். "அவ வந்துட்டா எல்லாம் சரியாயிடும்க்கா" என்பான். என்ன சரியாகும்? துணி துவைக்கப்படும், அதைச் சொல்கிறான். அவள் வரப்போகிறாள் என்று ஒரு பெரிய ஃபிரிட்ஜ் வாங்கிப் போட்டிருந்தான். அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. "அவ வந்து பிரிக்கட்டும்" என்று ஃபோட்டோ காட்டினான். அந்த உறையைப் பிரிக்கக்கூட ஒரு பொம்பளை பஸ் ஏறி வர வேண்டுமா என்று கேட்டேன். சிரித்தான். நான் ஜோக் அடித்ததாக நினைத்துவிட்டான்.

இந்த வருஷம் சுகாதாரத்துறை காகிதத்தை ஒழித்துவிட்டு, விண்ணப்பம் எல்லாம் இணையத்தில்தான் என்றது. அந்தப் பக்கத்தைக் கட்டுகிற வேலை சுற்றி வளைத்து எங்கள் முதலாளி கைக்கு வந்தது. அதாவது, தன் பெண்டாட்டி வீடு வந்து சேர வேண்டிய வாசலைக் கட்டுகிற பொறுப்பு இன்ஸ்பெக்டருக்கே வாய்த்தது. எவனுக்குக் கிடைக்கும் அந்த அதிர்ஷ்டம்?

கட்டினான். பெயர், பணி எண், எந்த ஊர் வேண்டும், சான்றிதழ்கள், கடைசியில் 'சமர்ப்பி' என்று பச்சை நிறத்தில் ஒரு பட்டன். எல்லாம் முடிந்த பிறகு முதலாளி, "வலது ஓரத்துல ஒரு உதவிப் பெட்டி வைப்பா, கேள்வி கேட்டா பதில் சொல்ற மாதிரி. பார்க்க ரிச்சா இருக்கும்" என்றார். அதையும் வைத்தான். நான் பரிசோதித்தேன். எல்லாம் நிரப்பி, சமர்ப்பியை அமுக்கினால், அமுங்கவில்லை. மறுபடி அமுக்கினேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே இருந்தது. எழுதி அனுப்பினேன்: 'சமர்ப்பி வேலை செய்யவில்லை. மிக அவசரம்.'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: 'என் மிஷினில் சரியாக இருக்கிறது. புகார் மூடப்பட்டது.'

கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷன், எழுந்து வந்து பார்க்கவில்லை. எழுத்திலேயே மூடிவிட்டான். நான் விடுவேனா?

"ஏம்ப்பா, அமுங்கலங்குறேன். வந்து பாரேன்."

"இங்க பாருங்கக்கா." தன் திரையைக் காட்டினான். வலது பக்கம் வழக்கம்போலப் பேனல் திறந்து கிடந்தது. அந்தப் பேனலை அவன் மூடி நான் பார்த்ததே இல்லை. குளிக்கும்போதும் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிப்பானோ என்னவோ. மீதி இடத்தில் ஒடுங்கியிருந்த பக்கத்தில் பட்டனை அமுக்கினான். 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று வந்தது. "போதுமா? ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க, உங்க மிஷின்ல என்ன கோளாறுன்னு பார்க்குறேன்."

அமுங்காத பட்டனை எப்படிப் படம் எடுப்பது? எடுத்து அனுப்பினேன். 'பட்டன் அழகாத்தானே இருக்கு' என்று பதில். வீடியோ எடுத்து அனுப்பினேன். 'மவுஸ் பழசு' என்று பதில். அதை முதலாளிக்கும் அனுப்பி வைத்திருந்தான். அந்தப் புண்ணியவான் மறுநாள் எனக்குப் புது மவுஸ் வாங்கிக் கொடுத்தார், பெரிய மனசு பண்ணி. புது மவுஸிலும் அமுங்கவில்லை. மறுபடி எழுதினேன். மறுபடி மூடினான். பக்கம் நாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது.

பக்கம் திறந்ததும் புகார்கள் வந்தன. வராமல் இருக்குமா? எங்கெங்கோ இருக்கிற நர்ஸுகள், வார்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரிசையில் நின்று முயற்சி செய்துவிட்டு மெயில் எழுதினார்கள். எல்லாம் இவனிடம்தான் வந்து சேரும். ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தான்: கேஷ் க்ளியர் செய்யவும், கம்ப்யூட்டரை அணைத்துப் போடவும். ஒவ்வொன்றாக ஒட்டி அனுப்பிக்கொண்டே, "படிச்சவங்கதான்க்கா, ஆனா சுத்தமா ஒண்ணும் தெரியல" என்று தலையை ஆட்டிக்கொண்டான்.

விண்ணப்பம் முடிகிற வெள்ளிக்கிழமைக்கு முன்னால், புதன்கிழமை மத்தியானம், அவன் மனைவியே கூப்பிட்டாள். அவன் ஃபோனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவான். இரண்டு கையும் கீபோர்டில் இருந்தால்தான் உலகம் சுற்றும் என்று நினைப்பு.

"என்னங்க, எல்லாம் நிரப்பிட்டேன். கடைசியில சமர்ப்பின்னு இருக்கே, அது அமுங்கவே மாட்டேங்குது."

"அமுங்காம எங்க போகும்? நான் இங்க அமுக்குறேன், அமுங்குது. நல்லா அமுக்கு."

"நல்லாத்தாங்க அமுக்குறேன்."

"ஒரு தடவை அமுக்கிட்டு விடணும். நரம்பு கிடைக்காத பேஷண்டைக் குத்துற மாதிரி குத்திக்கிட்டே இருக்கக் கூடாது." தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை.

"ஃபோன்ல போட்டுப் பார்க்கட்டுமா?"

"ஃபோன்லயா? உருப்பட்ட மாதிரிதான். சர்ட்டிஃபிகேட் எல்லாம் ஏத்தணும், பாதியில நின்னா மொத்தமும் போச்சு. ஒழுங்கா கம்ப்யூட்டர்லயே போடு."

எனக்குப் பொறுக்கவில்லை. என் நாற்காலியில் இருந்தே, "அவங்க சொல்றது நான் சொன்னதேதான்!" என்று சத்தம் போட்டேன். சட்டென்று ஸ்பீக்கரை அணைத்து, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டான். பேசி முடித்து வைத்தபின், "அக்கா, ஆபீஸ் விஷயத்துல எவ்வளவு வேணா சத்தம் போடுங்க. வீட்டு விஷயத்துல வேணாம்" என்றான். மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு.

"வீட்டு விஷயமாடா இது? ரெண்டு பேர் ஒரே மாதிரி சொல்றோம். உன் மண்டையில ஏறவே ஏறாதா?"

"ரெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்ணலாம் இல்லக்கா?"

இதற்கு மேல் என்ன பேச்சு? நான் போய்ப் பக்கெட்டைக் கொட்டிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை அவள் வார்டு ஆபீஸில் வேறு கம்ப்யூட்டரில் முயன்றாள். டூட்டி முடித்து, மகளையும் இழுத்துக்கொண்டு, ஊருக்குள் இருக்கிற இன்டர்நெட் சென்டருக்குப் போய் அங்கேயும் முயன்றாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி ஃபோன். நான் முறைத்த முறைப்பில் அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான். படிக்கட்டில் பேசினால் ஆபீஸ் முழுக்க எதிரொலிக்கும் என்று இந்த மேதாவிக்குத் தெரியாது.

"நானே போடணுமா? பாஸ்வேர்டு சொல்றேங்குறியா? ஏம்மா, உயிரைக் காப்பாத்துற நர்ஸு நீ, ஒரு பட்டன் அமுக்கப் புருஷன் வேணுமா? நாளைக்கு எவனாவது, கம்பெனிக்காரன் உள்ள இருந்துக்கிட்டு பொண்டாட்டிக்குப் போட்டுக்கிட்டான்னு சொல்லணுமா? அழாத. எதுக்கு இப்ப அழற? வேற பிரவுசர்ல போடு. கேஷ் க்ளியர் பண்ணியா?"

சட்டம் பேசினானாம். சட்டமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தான் போட்டுக் கொடுத்தால் பக்கத்தில் கோளாறு இருக்கிறது என்று தன் கையாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும், அவ்வளவுதான் விஷயம். அவன் ஒரு தட்டு தட்டியிருந்தால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கும், அவன் மிஷினில்தான் அமுங்குகிறதே. அன்றைக்குச் சாயங்காலம் பக்கம் மூடியது. அவளுடைய விண்ணப்பம் வந்து சேரவில்லை. "கடைசி நேரம் வரைக்கும் வெச்சிருந்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். முகத்தில் கொஞ்சம் வாட்டம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாட்டத்திலும் அவள்மேல்தான் கோபம்.

திங்கட்கிழமை துறையிலிருந்து ஒரு அதிகாரி அம்மா நேரிலேயே வந்துவிட்டார். நாடு முழுக்க ஆஸ்பத்திரிகள், வந்த விண்ணப்பங்களோ ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம் போல அவ்வளவு சொற்பம். முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. மீட்டிங் அறையில் புரொஜெக்டரைப் போட்டு, இன்ஸ்பெக்டரின் லேப்டாப்பை அதில் சொருகி, "அம்மாவுக்குப் போட்டுக் காட்டுப்பா, எவ்வளவு சுலபம்னு" என்றார். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

ஊருக்கு மூடியிருந்தாலும் எங்கள் ஆபீசுக்குள் திறக்கிற பக்கம் சுவரில் விரிந்தது. பாதிச் சுவரில் பக்கம், மீதிச் சுவரில் பேனலின் குப்பை, பொடிப்பொடியாக எழுத்தும் எண்ணும். அதிகாரி அம்மா கண்ணைச் சுருக்கினார். "அது என்ன, ஓரத்துல?"

முதலாளிக்கு மானம் போனது. "அந்தக் கண்ராவியை மூடுய்யா முதல்ல. வீட்டுக்கு வந்தவங்களுக்கு அடுப்படியையா காட்டுவ?"

அவன் மூடினான். எனக்குத் தெரிந்து அவன் ஆயுளில் முதல் தடவை. பக்கம் அகலமாக விரிந்து சுவர் முழுக்க நிறைந்தது. உதவிப் பெட்டி வலது ஓரத்தில் எழுந்து நின்றது. அவன் மளமளவென்று நிரப்பி, முதலாளியைப் பார்த்து ஒரு புன்னகையோடு சமர்ப்பியை அமுக்கினான்.

அமுங்கவில்லை.

மறுபடி அமுக்கினான். மறுபடி. எனக்கு அந்த நிமிஷம் எவ்வளவு இனித்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லா அமுக்குப்பா. குத்திக்கிட்டே இருக்காத, ஒரு தடவை அமுக்கிட்டு விடு" என்றேன்.

விஷயம் இதுதான். உதவிப் பெட்டியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பு இருந்தது, கண்ணாடி மாதிரி. பக்கம் அகலமாக இருந்தால் அந்தக் கண்ணாடி சமர்ப்பி பட்டனின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். அமுக்குகிறவன் பட்டனை அமுக்கவில்லை, கண்ணாடியை அமுக்குகிறான். பக்கம் ஒடுங்கியிருந்தால் பெட்டியே மறைந்துவிடும், பட்டன் அமுங்கும். இவன் எப்போதும் வலது பக்கம் பேனலைத் திறந்தே வைத்திருந்ததால், இவன் கண்ட பக்கம் எப்போதும் ஒடுங்கிய பக்கம்தான். உலகத்தில் வேறு யாரும் காணாத ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, உலகத்துக்கே பார்வை சரியில்லை என்று சாதித்துக்கொண்டிருந்திருக்கிறான். தப்பிப் பிழைத்துப் போய்ச் சேர்ந்த அந்தச் சொற்ப விண்ணப்பங்கள் எல்லாம் ஃபோனில் போட்டவை. ஃபோன் ஒடுக்கமானது அல்லவா?

ஃபோனில் போடாதே என்று பெண்டாட்டிக்கு அவன் கொடுத்த புத்திமதி அந்த அறையில் என்னைத் தவிர இன்னொரு ஆளுக்கும் ஞாபகம் வந்தது. அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

அதிகாரி அம்மா கத்தவில்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை வரை மறுபடி திறந்து வையுங்கள், எல்லா ஆஸ்பத்திரிக்கும் தகவல் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளிதான் கத்தினார். இன்ஸ்பெக்டர் சரி செய்தான். ஒரே ஒரு வரி. இந்தத் தடவை நிஜமாகவே சரி செய்தான். நான் அமுக்கிப் பார்த்தேன், அமுங்கியது.

உடனே மனைவிக்கு ஃபோன் போட்டான், ஸ்பீக்கரில். குரலில் குதூகலம். திருடனைப் பிடித்துக் கொடுத்துவிட்ட மாதிரி.

"ஏய், நல்ல செய்தி! மறுபடி திறந்துட்டாங்க. இப்ப போய் அமுக்கு, கண்டிப்பா அமுங்கும்."

அவளுக்குப் பின்னால் யாரோ இருமுகிற சத்தமும், டிராலி உருளுகிற சத்தமும் கேட்டன.

"இப்ப அமுங்கும்னா? அப்ப, அன்னைக்கு அமுங்கலைன்னு நான் சொன்னது நெசமா?"

"அது ஒரு சின்ன லேயர் பிரச்சினை. உனக்குப் புரியாது. விடு."

"எனக்கு மட்டுந்தான் அமுங்கலையா?"

"இல்ல... நிறைய பேருக்கு."

"அவங்க யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

கீபோர்டில் இருந்த கை அப்படியே நின்றது. இந்தத் தடவை ஸ்பீக்கரை அணைக்க அவனுக்குத் தோன்றவில்லை.

"நான் சொன்னேம்மா" என்றேன் என் நாற்காலியில் இருந்து. "பக்கத்து மேஜை அக்கா. பக்கம் திறக்குறதுக்கு முன்னாடியே சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்."

"அப்படியாக்கா?" என்றாள். அவ்வளவு மரியாதையாகக் கேட்டாள். பிறகு அவனிடம் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நான் பைத்தியக்காரின்னு நினைச்சேங்க. இன்டர்நெட் சென்டர்காரன் முன்னாடி, விரல்ல பலம் இல்லையோன்னு ரெண்டு கையால அமுக்கினேன். குழந்தை, நான் அமுக்கட்டுமாம்மான்னு கேட்டா. இங்க எல்லார்கிட்டயும், எனக்குத்தான் சரியா அமுக்கத் தெரியலை, எங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லைன்னு சொல்லிட்டு இருக்கேன்."

"சரி, அதான் சரி பண்ணிட்டேன்ல? வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுடு. என்ன?"

"பேஷண்டுக்கு டிரிப்ஸ் முடியப் போகுது, வெக்குறேன்" என்றாள்.

அவன் என் பக்கம் திரும்பினான். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். "கோவத்துல இருக்கா. போட்டுடுவா" என்றான். ஃபிரிட்ஜ் கம்பெனிக்கு ஃபோன் செய்து, கனெக்‌ஷன் கொடுக்க ஆள் அனுப்பச் சொன்னான்.

அந்த வாரம் விண்ணப்பங்கள் மழையாகக் கொட்டின. எங்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்து விழுவது தெரியும். அவன் வேலை எதுவும் செய்யவில்லை, அதையே ரிஃப்ரெஷ் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலிருந்தும் வந்தன. குழந்தையைப் படுக்கப் போடுவாளே, அந்தப் பக்கத்து குவார்ட்டர்ஸ் நர்ஸின் விண்ணப்பம்கூட வந்துவிட்டது. இவள் பெயர் இல்லை. ஃபோன் செய்தால் எடுத்தாள், நன்றாகவே பேசினாள். மகள் படிப்பைப் பற்றி, வார்டைப் பற்றி. "போட்டியா?" என்றால், "பார்க்குறேங்க" என்பாள். ஒரு தடவை மட்டும், "இந்த ஊர்லயும் கம்ப்யூட்டர் வேலை இருக்குங்க, விசாரிச்சேன். வர்றதுன்னா நீங்க வாங்க" என்றாள். அதை அவன் ஜோக் என்று எடுத்துக்கொண்டான். அவனுக்கு எல்லாம் ஜோக்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கம் மூடப் போகிற நேரம். கீழே டைல்ஸ் லாரி வந்து நின்று எங்கள் மானிட்டர்கள் ஆடின. அவன் எழுந்து என் மேஜைக்கு வந்தான். எத்தனை தடவை கூப்பிட்டு வராத மனுஷன், தானாக வந்து நின்றான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அக்கா, அவ போட்டிருப்பாக்கா. கண்டிப்பாப் போட்டிருப்பா. நம்ம பக்கம்தான் எங்கயோ மாட்டிக்கிட்டிருக்கு. இன்னும் ஏதோ கோளாறு இருக்கு."

நம்ம பக்கம் தப்பு. இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. ஊரெல்லாம் அமுங்கவில்லை என்று கதறியபோது வராத வார்த்தை, எல்லாருக்கும் அமுங்குகிற அன்றைக்கு வந்தது.

"ஒரே ஒரு தடவை உங்க மிஷின்ல அமுக்கிப் பாருங்களேன். ப்ளீஸ்க்கா."

பக்கத்தை முழு அகலத்துக்குத் திறந்து, நிரப்பி, சமர்ப்பியை அமுக்கினேன். 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று வந்தது. அவன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அமுங்குதுப்பா" என்றேன்.

அவன் என்னை நம்பவில்லை. தன் மேஜைக்குப் போய், பேனலைத் திறந்து, தேட ஆரம்பித்தான்.